அந்த எச்சரிக்கை மணியை அணைத்துவிடுங்கள்

சனிக்கிழமைகளில் தமிழ்ப் பள்ளி முடிந்த பிறகு, அதே மண்டபத்தின் பின்பக்கத்தில் ஏழெட்டுப் பிள்ளைகளுக்கு நான் செஸ் சொல்லிக்கொடுக்கிறேன். ‘சொல்லிக்கொடுக்கிறேன்’ என்பது கொஞ்சம் பெரிய சொல். பலகைகளை விரித்துவைப்பேன், சண்டை வந்தால் தீர்த்துவைப்பேன், அம்மா அப்பா வந்து கூட்டிக்கொண்டு போகும்வரை பார்த்துக்கொள்வேன்.

போன மாதம் பதினொரு வயதுப் பிள்ளை ஒருத்தி தன் ராணியைத் தூக்கினாள். (பெயர் வேண்டாம். அவளும் இதை வாசிப்பாள்.) தூக்கிய ராணியை ஒரு கட்டத்துக்கு மேலே பிடித்தபடி நின்றாள். பலகையைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

“மாமா, இது ஓகேயா?”

‘அண்ணா’ என்று கூப்பிடுங்கள் என்று எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன். கேட்கமாட்டார்கள்.

“நீ என்ன நினைக்கிறாய்?” என்றேன்.

பதில் இல்லை. இரண்டு செக்கன் காத்திருந்தாள். நான் வாய் திறக்கவில்லை. ராணியை வைத்தாள். எதிரே இருந்த பொடியன் தன் மந்திரியால் அதை எடுத்துக்கொண்டான். அவளுக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. அதுவும் அவன் மேல் இல்லை, என் மேல்.

“நீங்கள் ஒண்டும் சொல்லேல்லை! அப்ப சரி எண்டுதானே நினைச்சன்!”

அன்றிரவு யோசித்துப் பார்த்தபோதுதான் விளங்கியது. அவள் வீட்டில் டேப்லெட்டில்தான் விளையாடுகிறாள். அந்தச் செயலியில் ஒரு ‘ட்யூட்டர்’ இருக்கிறது. பிழையான நகர்வு வைத்தால் உடனே சிவப்பு நிறம் வரும், ஒரு சத்தம் வரும், “வேறு நகர்வு வைக்கிறீர்களா?” என்று கேட்கும். சத்தம் வராவிட்டால் நகர்வு சரி. இரண்டு வருடமாக அவளுக்கு அதுதான் செஸ். அவள் என் முகத்தில் தேடியது அந்தச் சத்தத்தைத்தான்.

ஆகவே நேரடியாகச் சொல்கிறேன். விளையாட்டின் நடுவே எச்சரிக்கும் அந்த ட்யூட்டர் உங்களுக்குச் செஸ் கற்றுத்தரவில்லை. நீங்கள் கற்க வேண்டிய முக்கியமான ஒன்றை உங்களுக்குப் பதிலாகத் தானே செய்துவிடுகிறது. அணைத்துவிடுங்கள்.

நான் கணனிக்கு எதிரி இல்லை. எனக்குச் சோறு போடுவதே கணனிதான். எதிரி இல்லாதவன் சொல்வதால்தான் நீங்கள் கேட்க வேண்டும்.

மணி எப்படி அடிக்கிறது?

இந்த ட்யூட்டருக்குள்ளே மந்திரம் எதுவும் இல்லை. இரண்டு எண்கள், ஒரு கழித்தல். அவ்வளவுதான்.

செஸ் கணனியிடம் ஒரு நிலையைக் கொடுத்தால் அது ஓர் எண்ணைத் திருப்பித் தரும். அந்த எண் எங்கிருந்து வருகிறது? 1950இல் குளோட் ஷனன் என்ற அமெரிக்கர், கணனியைச் செஸ் ஆட வைப்பது எப்படி என்று ஒரு கட்டுரை வெளியிட்டார். ராணிக்கு 9, கோட்டைக்கு 5, மந்திரிக்கும் குதிரைக்கும் 3, சிப்பாய்க்கு 1. (டொச்சில் கோட்டையை ‘டூர்ம்’ என்றும் மந்திரியை ‘லாய்ஃபர்’ என்றும் பழகியவர்கள் மன்னிக்கவும்.) ஒன்றின்பின் ஒன்றாக மாட்டிக்கொண்ட இரட்டைச் சிப்பாய், துணையில்லாத தனிச் சிப்பாய் போன்றவற்றுக்கு அரைப் புள்ளி கழிவு. நீங்கள் வைக்கக்கூடிய ஒவ்வொரு நகர்வுக்கும் 0.1 கூட்டு. உங்கள் கூட்டுத்தொகையிலிருந்து எதிராளியின் தொகையைக் கழித்தால் வருவதுதான் அந்த எண். +1 என்றால் நீங்கள் ஒரு சிப்பாய் அளவுக்கு முன்னால் நிற்கிறீர்கள். −3 என்றால் ஒரு குதிரை அளவுக்குப் பின்னால்.

அடுத்து, முன்னே பார்க்க வேண்டும். ஆட்டத் தொடக்கத்தில் வெள்ளைக்கு 20 நகர்வுகள் உண்டு. கறுப்பும் ஒன்று வைத்தால் 400 வழிகள். மூன்றாவது அரை நகர்வில் 8,902. நான்காவதில் 197,281. ஐந்தாவதில் 4,865,609. இந்த மரத்தில் தன்னால் முடிந்த ஆழம்வரை இறங்கி, அங்கே எண்ணைக் கணித்து, இரு பக்கமும் தமக்கு நல்லதையே ஆடும் என்று வைத்துக்கொண்டு மேலே ஏறி வரும்.

இப்போது ட்யூட்டருக்கு வருவோம். நீங்கள் யோசிக்கும் நேரத்தில் அதுவும் யோசிக்கிறது. உங்கள் இடத்தில் தான் இருந்தால் எதை ஆடும், அதற்கு என்ன எண் என்று கணித்து வைத்திருக்கிறது. நீங்கள் ஒரு நகர்வு வைக்கிறீர்கள். அதற்கும் எண் கணிக்கிறது. முதல் எண்ணிலிருந்து இரண்டாவதைக் கழிக்கிறது. வித்தியாசம் ஒரு எல்லையைத் தாண்டினால் மணி அடிக்கிறது.

அந்த எல்லையை யார் போட்டது? யாரோ ஒரு மென்பொருளாளர். என்னைப் போல ஒருவர். எல்லையைக் குறைவாக வைத்தால் ஒவ்வொரு நகர்வுக்கும் மணி அடிக்கும், பயனர் எரிச்சலில் செயலியை நீக்கிவிடுவார். கூட வைத்தால் பெரிய பிழைகளுக்கு மட்டும்தான் அடிக்கும். ஆகவே நடுவில் ஓர் இடத்தில் நிறுத்துவார்கள். இதன் விளைவு என்ன? ஒவ்வொரு நகர்விலும் 0.3, 0.4 என்று கொஞ்சம் கொஞ்சமாக இழந்துகொண்டே போகலாம். பத்து நகர்வில் மூன்று நான்கு சிப்பாய் அளவுக்குப் பின்தங்கிவிடலாம். மணி ஒரு தடவைகூட அடித்திருக்காது. உங்களில் எத்தனை பேர் “நான் ஒரு பிழையும் விடேல்லை, எப்படித் தோத்தன்?” என்று என்னிடம் கேட்டிருக்கிறீர்கள்! இதுதான் பதில். மணி அடிக்காத பிழைகளில்தான் தோற்றீர்கள்.

மணி பிழையாகவும் அடிக்கும்

எனக்குப் பத்து வயதாக இருக்கும்போது அப்பா பழைய சாமான் சந்தையில் ஒரு செஸ் கணனி வாங்கி வந்தார். இருபது மார்க். பலகையே கணனி. காயை அழுத்தி வைக்க வேண்டும், ஓரத்தில் சிவப்பு விளக்குகள் எரியும். அதிலும் ட்யூட்டர் இருந்தது. காயை ஆபத்தான இடத்தில் வைத்தால் ‘பீப் பீப்’. நான் பின்வாங்குவேன். வேறிடத்தில் வைப்பேன். சத்தம் வராது. சந்தோஷம்.

அதன் சிக்கல் எனக்கு வெகுகாலத்துக்குப் பிறகுதான் தெரிந்தது. பலகை இருந்தால் எடுத்து வையுங்கள், நீங்களே பார்க்கலாம். வெள்ளைச் சிப்பாய் ஈ4, கறுப்புச் சிப்பாய் ஈ5. வெள்ளைக் குதிரை எஃப்3, கறுப்புச் சிப்பாய் டி6. வெள்ளை மந்திரி சி4, கறுப்பு மந்திரி ஜி4. வெள்ளைக் குதிரை சி3, கறுப்புச் சிப்பாய் ஜி6.

இப்போது எஃப்3இல் உள்ள வெள்ளைக் குதிரை அசைய முடியாது போலத் தெரிகிறது. அசைந்தால் பின்னால் நிற்கும் ராணி போய்விடும். ஆனால் குதிரையால் ஈ5 சிப்பாயை வெட்டுங்கள். கறுப்பு ஆசைப்பட்டு டி1இல் ராணியை எடுத்தால், மந்திரி எஃப்7 சிப்பாயை வெட்டிச் செக். ராஜாவுக்குப் போக ஒரே இடம், ஈ7. சி3 குதிரை டி5க்குப் பாய்ந்தால் மேட். பதினெட்டாம் நூற்றாண்டுப் பாரிஸில் ஆடிய லெகால் என்பவரின் பெயரால் இந்த மேட் அழைக்கப்படுகிறது. கறுப்பு ராணியை எடுக்காமல் குதிரையை வெட்டினாலும், வெள்ளை ராணி ஜி4 மந்திரியை எடுத்து ஒரு சிப்பாய் மேலே நிற்கும்.

இந்த மேட்டைப் பார்க்க ஐந்து அரை நகர்வுகள் வேண்டும். மூன்றோடு நிறுத்தும் ட்யூட்டர் என்ன கணக்குப் போடும்? ராணி போய் 9. வந்தது ஒரு சிப்பாயும் ஒரு மந்திரியும், மொத்தம் 4. நஷ்டம் 5. பீப் பீப்! ஆட்டத்தின் மிக அழகான நகர்வுக்குப் பெரும் பிழை என்று பட்டம். கணனியின் பார்வை முடியும் கோட்டுக்கு அப்பால் உள்ளது அதற்கு இல்லவே இல்லை. செஸ் கணனி ஆய்வாளரான ஹான்ஸ் பெர்லினர் 1970களில் இதற்கு ‘அடிவான விளைவு’ என்று பெயர் வைத்தார்.

இன்றைய ஃபோனில் உள்ள இயந்திரம் இதைக் கண்மூடித் திறக்கும் முன் கண்டுவிடும். ஒத்துக்கொள்கிறேன். பெரும்பாலும் அது சொல்வது சரிதான். ஆனால் சரியாகச் சொல்லும் ட்யூட்டரிடம் வேறொரு பிரச்சினை இருக்கிறது.

யாருடைய ஐம்பது வீதம்?

சிப்பாய்க் கணக்கு மட்டும் போதாது என்று இன்றைய தளங்களுக்குத் தெரியும். +9இலிருந்து +6க்கு இறங்குவதும், +1இலிருந்து −2க்கு இறங்குவதும் கணக்கில் ஒன்றுதான், இரண்டும் 3 இழப்பு. ஆனால் முதலாவதில் நீங்கள் இன்னும் வென்றுகொண்டுதான் இருக்கிறீர்கள். அதனால் எண்ணை வெல்லும் வாய்ப்பாக மாற்றுகிறார்கள். லிச்செஸ் தளம் பயன்படுத்தும் சூத்திரம் வெளிப்படையாகவே இருக்கிறது. அதைப் போட்டுப் பார்த்தேன். +9 என்றால் 96.5 வீதம், +6 என்றால் 90 வீதம். +1 என்றால் 59 வீதம், −2 என்றால் 32 வீதம். முதலாவது சிறு சறுக்கல், இரண்டாவது பெரும் பிழை. நல்ல பொறியியல்தான். மதிக்கிறேன்.

ஆனால் இந்த வீதம் யாருடையது? உலகின் மிகப் பலமான இயந்திரங்களில் ஒன்றான ஸ்டொக்ஃபிஷ், 2022இன் இறுதியிலிருந்து தன் எண்ணை இப்படி அளவுபடுத்தியிருக்கிறது: +1 என்றால் வெல்ல 50 வீத வாய்ப்பு. யார் யாரோடு ஆடினால்? ஸ்டொக்ஃபிஷ் ஸ்டொக்ஃபிஷோடு ஆடினால்! உங்களுக்கும் உங்கள் வகுப்புத் தோழனுக்கும் அந்த 50 வீதத்தோடு என்ன சம்பந்தம்?

இன்னொன்று. ஷனனின் எண்ணைப் பிரித்துப் பார்க்கலாம். “இதில் அரைப் புள்ளி உன் இரட்டைச் சிப்பாயால் போனது” என்று காட்டலாம். 2020இல் ஸ்டொக்ஃபிஷுக்குள் நரம்பு வலையமைப்பு வந்தது. ஆட்டம் இன்னும் பலமானது. ஆனால் +0.7 என்று அது சொன்னால், ஏன் 0.7 என்று மனித வார்த்தையில் பிரித்துச் சொல்ல அதை உருவாக்கியவர்களாலும் முடியாது. ட்யூட்டர் சில நேரம் ஒரு வசனம் சொல்லும், “இது உங்கள் குதிரையை இழக்க வைக்கிறது” என்று. அது எண் வந்த பிறகு ஒட்டப்பட்ட விளக்கம். எண் அப்படிப் பிறக்கவில்லை.

மணிதான் மிகப் பெரிய துப்பு

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். மற்றதெல்லாம் மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

ஒரு செஸ் புதிரை உங்களிடம் தந்து, “வெள்ளை ஆடி வெல்லும்” என்று சொன்னால், முக்கால்வாசிப் பேர் கண்டுபிடித்துவிடுவீர்கள். அதே நிலை உங்கள் சொந்த ஆட்டத்தில் வந்தால் தவறவிடுவீர்கள். ஏன்? புதிரில் “இங்கே ஏதோ இருக்கிறது” என்று யாரோ சொல்லிவிட்டார்கள். ஆட்டத்தில் யாரும் சொல்லவில்லை. விடையைக் கண்டுபிடிப்பதைவிடக் கடினமானது, இந்த இடத்தில் நின்று தேட வேண்டும் என்று தெரிந்துகொள்வது. நாற்பது நகர்வுகளில் முப்பத்தைந்து சாதாரணமாகப் போய்விடும். மற்ற ஐந்தில் ஆட்டம் இருக்கிறது. அந்த ஐந்து எவை என்று மணம் பிடிக்கும் மூக்குத்தான் ஆட்டக்காரனின் மூக்கு.

ட்யூட்டர் அந்த மூக்கை வாங்கித் தன் பைக்குள் போட்டுக்கொள்கிறது. மணி அடித்தால், “நில், இது அந்த ஐந்தில் ஒன்று.” அடிக்காவிட்டால், “போ, யோசிக்காதே.” இரண்டுமே தகவல். மௌனமும் தகவல்தான். அந்தப் பிள்ளை என் மௌனத்தை அனுமதியாக எடுத்துக்கொண்டது அவளுடைய குற்றம் இல்லை. இரண்டு வருடமாக மௌனம் என்றால் அனுமதி என்றே பழக்கப்பட்டவள் அவள்.

எனக்கும் இதே கதைதான். இருபது மார்க் பெட்டியோடு இரண்டு வருடம் விளையாடிவிட்டு, பெரிய ஆளாக நினைத்துக்கொண்டு ஓர் இளையோர் சுற்றுப்போட்டிக்குப் போனேன். ஐந்து ஆட்டம், நான்கு தோல்வி. பலகை சத்தமே போடவில்லை. என் காய்கள் ஒவ்வொன்றாகச் சத்தமில்லாமல் போயின. அப்பா கார் ஓட்டிக்கொண்டு வரும்போது ஒன்றும் கேட்கவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

பலகையில் ‘தொட்டால் ஆட வேண்டும்’ என்று ஒரு விதி இருக்கிறது தெரியும்தானே? காயைத் தொட்டால் அதைத்தான் ஆட வேண்டும். வைத்துக் கையை எடுத்தால் முடிந்தது. இது கொடுமைக்காக வைத்த விதி இல்லை. கை எழும்புமுன் கண் வேலை செய்ய வேண்டும் என்பதற்காக. ட்யூட்டர் இதைத் தலைகீழாக்குகிறது. கை முதலில், சத்தம் அடுத்து, கண் கடைசியில்.

“ஆனால் மாமா...”

உங்கள் மறுப்புகள் எனக்குத் தெரியும்.

“பெரிய ஆக்களே பிழை விடுகினம், நாங்கள் எம்மாத்திரம்?” உண்மை. 2006இல் ஜெர்மனியின் பொன் நகரத்தில், அப்போதைய உலகச் சம்பியன் விளாடிமிர் கிராம்னிக், டீப் ஃப்ரிட்ஸ் என்ற கணனியோடு ஆடும்போது அடுத்த நகர்விலேயே வரும் மேட்டைக் கவனிக்காமல் ராணியை நகர்த்திவிட்டார். என் இருபது மார்க் பெட்டிகூட அதற்கு மணி அடித்திருக்கும். ஆனால் பாருங்கள், உலகச் சம்பியன் ஆட்டத்தில்கூட மணி இல்லை. பிழை வரும். மணி இல்லாத இடத்தில் பிழையோடு எப்படி வாழ்வது என்பதையும் சேர்த்துத்தான் செஸ் என்கிறோம்.

“எல்லாக் கிராண்ட்மாஸ்டரும் கணனியோடதானே படிக்கினம்?” இதுவும் உண்மை. இன்று கணனி இல்லாமல் மேல்மட்டத்தில் ஒருவரும் தயாராவதில்லை. ஆனால் எப்போது, எதற்கு என்று பாருங்கள். சென்னையின் குகேஷைத் தெரியாதவர் இங்கே இருக்க முடியாது. அவருடைய பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா, ஏறத்தாழ 2500 ரேட்டிங்கைத் தாண்டும்வரை அவரைக் கணனி இயந்திரங்களிலிருந்து தள்ளியே வைத்திருந்தார். இந்தக் காலத்தில், அந்த வேகத்தில் வளர்ந்த ஒரு பிள்ளைக்கு! 2019 ஜனவரியில், பன்னிரண்டு வயதில், அவர் கிராண்ட்மாஸ்டர் ஆனார். கணனி இல்லாததால்தான் ஆனார் என்று நான் சொல்லமாட்டேன். ஒரு பிள்ளையை வைத்து அப்படி நிரூபிக்க முடியாது. ஆனால் கணனி மணி அடிக்காவிட்டால் முன்னேற முடியாது என்ற பேச்சு பொய் என்று நிரூபிக்க ஒரு பிள்ளை போதும்.

அதே குகேஷின் இன்னொரு நாள். 2024 டிசம்பர் 12, சிங்கப்பூர். உலகச் சம்பியன் போட்டியின் பதினான்காவது ஆட்டம், புள்ளிகள் சமம். குகேஷிடம் ஒரு சிப்பாய் கூட. ஆனால் கணனிகள் சமநிலை என்றன. திரையில் அந்த எண்ணைப் பார்த்தவர்களுக்கு ஆட்டம் முடிந்த மாதிரித்தான். குகேஷ் முன்னே திரை இல்லை. ஆடிக்கொண்டே இருந்தார். 55ஆவது நகர்வில் டிங் லிரென் தன் கோட்டையை எஃப்2இல் வைத்தார். பார்த்துக்கொண்டிருந்த எல்லோருடைய திரையிலும் எண் ஒரே கணத்தில் விழுந்தது. பலகையில் எந்த மணியும் அடிக்கவில்லை. முதலில் தான் அதைக் கவனிக்கவில்லை என்றும், வேறு நகர்வு வைக்கப் போனதாகவும் குகேஷே பிறகு சொன்னார். பிறகு கவனித்தார். மூலையில் நிற்கும் எதிராளியின் மந்திரிக்குத் தப்ப வழியில்லை என்று கண்டார். பதினெட்டு வயதில் உலகச் சம்பியன்.

அந்தச் சில விநாடிகளை நினைத்துப் பாருங்கள். வீட்டில் சோபாவில் இருந்த நமக்கு அவரைவிட முதலில் தெரிந்தது. நமக்குத் தெரிந்ததால் நாம் என்ன கற்றோம்? ஒன்றுமில்லை. திரை சொன்னது, நாம் கத்தினோம். அவர் தானாகப் பார்த்தார்.

“சும்மா ஒரு கேம்தானே, ஏன் இவ்வளவு சீரியஸ்?” இந்த மறுப்புத்தான் எனக்குப் பிடித்தது. என் வேலையில் நான் நாள் முழுக்க எச்சரிக்கைகளுக்கு நடுவில்தான் இருக்கிறேன். கோட் எழுதினால் பிழையான வரிக்குக் கீழே சிவப்புக் கோடு வரும். அது எனக்கு வேண்டும். ஏனென்றால் என் பிழையால் ஒரு நிறுவனத்தின் சம்பளப் பட்டியல் நின்றுபோகலாம். பிழையின் விலை அதிகமான இடத்தில் மணி இருக்கத்தான் வேண்டும். செஸ்ஸில் பிழையின் விலை என்ன? ஒரு மரக் குதிரை. ஐந்து நிமிடக் கவலை. உலகத்தில் மிக மலிவாகப் பிழை விடக்கூடிய இடங்களில் ஒன்று அது. சும்மா ஒரு கேம் என்பதால்தான் அங்கே மணி வேண்டாம் என்கிறேன். பிழை விட்டுப் பழக வேறெங்கே போவீர்கள்?

ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன், செஸ்ஸுக்கு வெளியே. நம் தமிழையே பாருங்கள். வசனத்தின் நடுவிலேயே “அது ‘ழ’, ‘ல’ இல்லை” என்று நிறுத்தும் ஆட்கள் நம் எல்லாருடைய குடும்பத்திலும் இருக்கிறார்கள். நல்ல மனதோடுதான் செய்கிறார்கள். அவர்கள் முன்னால் நான் பதினைந்து வயதுவரை டொச்சில்தான் பேசினேன். அம்மம்மா மட்டும் வேறு மாதிரி. நான் கதையை முழுக்கச் சொல்லி முடிக்கும்வரை கேட்பா. பிறகு, போகிற போக்கில், நான் பிழையாகச் சொன்ன அந்த ஒரு சொல்லைச் சரியாகச் சொல்லித் தானும் ஒரு வசனம் பேசுவா. இந்தக் கட்டுரையைத் தமிழில் எழுதுகிறேன் என்றால் அது அம்மம்மாவால். இருவரும் திருத்தியது ஒரே பிழையைத்தான். திருத்திய நேரம்தான் வேறு.

என்ன செய்யலாம்?

ஒன்று. செயலியின் அமைப்புகளுக்குப் போய், ஆட்டத்தின்போது வரும் எச்சரிக்கையையும் நகர்வைத் திரும்ப எடுக்கும் வசதியையும் அணையுங்கள். மதிப்பைக் காட்டும் வெள்ளை-கறுப்புப் பட்டையையும் மறையுங்கள். முதல் இரண்டு கிழமை மோசமாகத் தோற்பீர்கள். தோல்வி புதிதாக வரவில்லை. மணி மூடி வைத்திருந்தது இப்போது தெரிகிறது.

இரண்டு. மணியை உங்களுக்குள்ளே வையுங்கள். காயைத் தொடுமுன் மூன்று கேள்வி. அவன் கடைசியாக வைத்த நகர்வு எதைத் தாக்குகிறது? நான் இதை வைத்தால் அவனுக்கு என்ன செக் இருக்கிறது? அவனால் எதை வெட்ட முடியும்? பத்து விநாடி போதும். ஷனன் விவரித்த கணனியும் இதைத்தான் செய்யும், நிறையத் தடவை.

மூன்று. ஆட்டம் முடிந்ததும் கணனியைத் திறக்காதீர்கள். முதலில் நீங்களே ஆட்டத்தைத் திருப்பி ஆடி, “இங்கேதான் எனக்குக் குழம்பியது” என்று மூன்று இடங்களைக் குறியுங்கள். பிறகு கணனியைத் திறந்து அதன் இடங்களோடு ஒப்பிடுங்கள். உங்கள் குறியும் அதன் குறியும் எங்கே வேறுபடுகின்றனவோ அங்கேதான் பாடம் இருக்கிறது. ‘பிழை’, ‘பெரும் பிழை’ என்ற பட்டங்களை விடுங்கள். எதிராளியின் எந்தப் பதில் நகர்வு அதைப் பிழையாக்கியது என்று மட்டும் பாருங்கள்.

இதை வாசிக்கும் யாராவது நாளைக்குச் செஸ் செயலி எழுதப்போகிறீர்கள் என்றால், உங்களுக்கும் ஒன்று. மணியைத் தாமதமாக்குங்கள். “கடைசி ஐந்து நகர்வுகளில் ஒன்று பெரிய இடம். எது?” என்று கேளுங்கள். சில வேளை ஒன்றுமே இல்லாத இடத்திலும் மணி அடியுங்கள், பள்ளிக்கூடத்தில் தீ ஒத்திகைக்கு அடிப்பது போல. மணி அடித்தால் பிழை, அடிக்காவிட்டால் சரி என்ற அந்தச் சமன்பாட்டை உடையுங்கள். இதை எழுதப் பெரிய கணக்கு எதுவும் வேண்டாம். பயனர் கொஞ்சம் கஷ்டப்பட்டாலும் பரவாயில்லை என்று நினைக்கும் துணிவு மட்டும் வேண்டும்.

போன சனிக்கிழமை அந்தப் பிள்ளை திரும்ப வந்தாள். திரும்பத் தோற்றாள். இந்தத் தடவை என்னைப் பார்க்கவில்லை. தோற்ற பிறகு காய்களைப் பின்னோக்கி வைத்துக்கொண்டே போய், ஓர் இடத்தில் நிறுத்தி, விரலை ஊன்றி, “இஞ்சதான்” என்றாள்.

உண்மையில் பிழை அதற்கு இரண்டு நகர்வு முன்னால் இருந்தது. நான் சொல்லவில்லை. அடுத்த கிழமை அவளே அங்கே போய்ச் சேருவாள் என்று நினைக்கிறேன். சேராவிட்டால், அவள் கதையை முடிக்கட்டும். பிறகு சொல்கிறேன்.